பின் சீற்றில் ரோசி

எங்கட ஊரில ஒரு நாய் வாகனத்தில ஏறுது எண்டால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, வருத்தம் வந்து மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோவது. மற்றது, கொண்டுபோய் விடுவது. இரண்டாவதுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒரு பெட்டைக்குட்டி, ஒரு உரப்பை, ஒரு மோட்டார்சைக்கிள், ஊருக்கு நாலு மைல் தள்ளி ஒரு சந்தையோ கோயிலடியோ. விட்டவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். "அங்க சாப்பாடு கிடைக்கும்" என்று வீட்டுக்காரருக்கு ஆறுதலும் சொல்லுவார்.

இதை முதலிலேயே சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது. நாயைக் காரில் கூட்டிக்கொண்டு போவது எப்படி என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். வருவது எல்லாம் வேற உலகத்து நாய்களுக்கு எழுதினது. அந்த நாய்களுக்குக் கார்த் திறப்பின் சத்தம் கேட்டாலே வால் ஆடும், கடற்கரைக்குப் போகப் போகிறோம் என்று தெரியும். எங்கட ரோசிக்குத் தெரிந்த வாகனப் பயணம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் உரப்பைக்குள்ள. நாலு வருசத்துக்கு முன்னம் சந்தைக்குப் பின்னால வாய் கட்டின பையுக்குள்ள மூன்று குட்டிகள் கிடந்ததாம். இரண்டு செத்துப் போச்சுது. மூன்றாவதை அம்மா மரக்கறியோட சேர்த்துக் கொண்டுவந்தா. இன்றைக்கும் வீட்டில ஆரும் உரப்பையை உதறினால் ரோசி கிணத்தடிக்குப் பின்னால போய் நிற்கும். அதுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கோ இல்லையோ, உடம்புக்கு இருக்கு.

இப்படியான ஒரு நாயை கோண்டாவிலில் இருந்து கட்டுகஸ்தோட்டைக்கு, கிட்டத்தட்ட 320 கிலோமீற்றர், ஏ9 வீதியால கொண்டுபோக வேண்டி வந்தது. அம்மம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்ததுக்குப் பிறகு தனிய இருக்க ஏலாது. சித்தி கண்டிப் பக்கம். வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டு அம்மம்மா அங்க போறது என்று முடிவு. வட்ஸ்அப்பில எல்லாரும் கூடிக் கதைச்சார்கள். வாடகை, கட்டில், தையல் மெசின், தென்னை மரங்களை ஆர் பாக்கிறது, எல்லாம் அரை மணித்தியாலத்தில முடிஞ்சுது. கடைசியில ரோசி. வெளிநாட்டில இருக்கிற மாமா சொன்னார்: "அதை ஆரும் தெரிஞ்ச ஆக்களிட்டக் கொண்டுபோய் விடுங்கோவன்."

அதுவரைக்கும் ஒண்டும் கதைக்காமல் இருந்த அம்மம்மா சொன்னா: "நான் ஒருக்கா விட்டிட்டு வந்தது காணும்."

அது மணியின் கதை. எனக்கு அரைகுறையாகத் தெரியும், மாமாவுக்கு முழுசாகத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்கச் சனம் ஒரே இரவில வெளிக்கிட்ட நாள். மழை. சைக்கிளில அரிசி மூட்டையும் தையல் மெசினின் தலையும். பதினாலு வயசு அம்மா ஒரு பக்கம் பிடிச்சுத் தள்ள, அம்மம்மா மற்றப் பக்கம். மணிக்குச் சட்டியில சோறு போட்டு, படலையைத் திறந்து விட்டிட்டு வெளிக்கிட்டவையாம். மணி சோற்றைப் பாக்கவேயில்லை, பின்னால வந்திட்டுது. நாவற்குழிப் பாலம் வரைக்கும் வந்தது. பாலத்தில ஆளை ஆள் நெரிக்கிற சனம். நாலு காலில நிற்கிற ஒண்டுக்கு அந்தக் கால்களுக்கு நடுவில என்ன தெரிஞ்சிருக்கும்? அக்கரையில நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டதாம் அம்மம்மா. அந்த இரவில எத்தினை பேர் எத்தினை பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். அடுத்த வருசம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது சட்டி கவிண்டு கிடந்தது. அதைப் பற்றி அம்மம்மா அதுக்கு மேல சொல்லுறதில்லை.

ஆகவே ரோசி வருகிறது. கேள்வி, எப்படி.

பஸ் சரிவராது, அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. வாடகைக்குக் கார் பிடிக்க நாலு பேரைக் கேட்டோம். மூன்று பேர் "நாயோ?" என்றதோட போனை வைச்சிட்டார்கள். மணக்கும், மயிர் கொட்டும், அடுத்த ஹயருக்கு ஆக்கள் ஏற மாட்டினம். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அது அவர்களின் சோறு. நாலாவது ஆள் ஒரு வகன்ஆர் வைச்சிருக்கிற அண்ணை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கடிக்குமோ?" சின்னனில கடி வாங்கி ஊசி போட்டவராம். கழுவுற காசு தனியாகத் தருவோம், பழைய பெற்சீற் விரிப்போம், தடுப்பூசி அட்டையைக் காட்டுவோம் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைச்சோம். விசர்நாய்த் தடுப்பூசியை வருசா வருசம் அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. அந்த அட்டையை எல்லாரும் எங்கேயோ துலைச்சுப் போடுகிறோம். வைச்சிருங்கோ. எங்களுக்கு வாகனம் கிடைச்சதே அந்த அட்டையால்தான்.

பயணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. பக்கத்து வீட்டு மாமாவிடம் ஒரு பழைய கார் இருக்கு, பெரும்பாலும் மாமரத்துக்குக் கீழ நிற்கும். முதல் நாள் நாலு கதவையும் திறந்து விட்டிட்டு ரோசியின் சாப்பாட்டை ரயருக்குப் பக்கத்தில வைச்சோம். அவ்வளவுதான். அடுத்த நாள் கதவடியில. பிறகு உள்ளுக்குக் கால் வைக்கிற இடத்தில. ஏறச் சொல்லி இழுக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஐந்தாம் நாள் தானாக ஏறி, மீன் தலையைத் தின்றுவிட்டு, இறங்கி ஓடினது. ஏழாம் நாள் பின் சீற்றில இருந்தது. அதுக்குப் பிறகுதான் கதவைச் சாத்தினோம், ஒரு நிமிசம், திறந்தோம். பிறகு எஞ்சினை மட்டும் போட்டோம், கார் அசையவில்லை. பிறகு ஒழுங்கை முடிவு வரைக்கும். பிறகு கோண்டாவில் சந்தி. கடைசியாக ஒருநாள் நல்லூர் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

இதில எனக்கு முக்கியமாகப் பட்டது திரும்பி வந்தது. ஒவ்வொரு தரமும் கார் போய், அதே கார் அதே படலைக்கு வந்து நிண்டது. வாகனத்தில ஏறினால் வீட்டுக்கு வரலாம் என்பது ரோசிக்குப் புதுச் செய்தி. மாமாவின் பெற்றோல் காசு எங்களுக்கு இரண்டு தேங்காய்ப் பிண்ணாக்கு மூட்டை அளவுக்கு வந்திருக்கும், அவர் வாங்கவில்லை.

பெல்ற் விசயத்தில வீட்டில பெரிய சண்டை. "நான் மடியில வைச்சிருக்கிறன்" என்றா அம்மா. ரோசி 17 கிலோ. விஞ்ஞான பீடத்தில படிக்கிற சிநேகிதியிடம் கேட்டேன், கொப்பியின் பின் மட்டையில கணக்குப் போட்டுக் காட்டினாள். கார் 60 கிலோமீற்றர் வேகத்தில போகுது, ஏதோ ஒன்றில மோதிச் செக்கனில பத்தில் ஒரு பங்கு நேரத்தில நிற்குது என்று வையுங்கோ. அந்த நேரத்தில 17 கிலோ நாயைப் பிடிச்சு நிறுத்த வேண்டிய விசை கிட்டத்தட்ட 290 கிலோ பாரத்துக்குச் சமன். ஆறு சீமெந்துப் பை. அதை மடியில வைச்சிருக்கிற ஆள் ஆர்? நாய் முன்னுக்குப் பறந்தால் நாய்க்கும் ஆபத்து, முன் சீற்றில இருக்கிற அம்மம்மாவின் கழுத்துக்கும் ஆபத்து. இந்தக் கணக்கைச் சொன்னதுக்குப் பிறகுதான் அம்மா விட்டுத் தந்தா. கலைப்பீடத்துப் பிள்ளை பௌதிகம் கதைக்கிறதைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு.

கொழும்பில இருந்து எடுத்தது நெஞ்சைச் சுத்திப் போடுகிற பட்டி. முதுகுப் பக்கம் ஒரு வளையம், அதில இருந்து ஒரு சின்னப் பட்டை சீற் பெல்ற்றின் கொளுக்கியில போய்ப் பூட்டுப்படும். கழுத்துப் பட்டியில மட்டும் இதைப் பூட்டக் கூடாது, பிறேக் அடிச்சால் முழு இழுவையும் கழுத்துக்குப் போகும். விக்கிற எல்லாப் பட்டியும் மோதல் சோதனை செய்து பாத்தது இல்லை, அதால தையல் தடிப்பானதாக, கொளுக்கி உலோகமானதாகப் பாத்து எடுங்கோ. கூட்டில வைச்சுக் கொண்டுபோவது இதைவிடப் பாதுகாப்பு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கூட்டுக்குப் பழகின நாய்க்கு, கூட்டையும் அசையாமல் கட்டினால், சரிதான். வளவு முழுக்க ஓடித் திரிஞ்ச ஒண்டை முதல் நாளே கூட்டுக்குள்ள அடைச்சு ஏழு மணித்தியாலம் வைச்சால் அது நகம் பேரக் கூட்டைக் கிளறும். முன் சீற் வேண்டவே வேண்டாம். காற்றுப்பை வெடிச்சால் அது மனிசரின் அளவுக்குச் செய்தது.

இன்னொன்று, "ஒரு நித்திரைக் குளிசை குடுத்தால் பேசாமல் படுக்கும்" என்ற ஆலோசனை. குறைஞ்சது ஐந்து பேர் சொன்னார்கள், ஒருத்தர் தன்ர குளிசையையே தரவும் ஆயத்தம். மனிசரின் மருந்து நாய்க்கு நஞ்சாகலாம். நாய்க்குரிய மயக்க மருந்துகூடப் பயணத்துக்கு நல்லதில்லை, சமநிலை தவறும், உடம்பு சூட்டைச் சரிப்படுத்துகிற வல்லமையும் குறையும் என்று மிருக வைத்தியர் சொன்னார். அவர் தந்தது சத்திக்கு மட்டும், நாய்களுக்கென்றே இருக்கிற மரோபிட்டன்ற், நிறை பாத்து அளவு. எல்லா நாய்க்கும் தேவையில்லை. ரோசி நல்லூர் போய் வந்த அன்று வாயால நூல் நூலாக வீணி வடிச்சு, கொட்டாவி விட்டு, சொண்டை நக்கிக்கொண்டு இருந்தது. அது நித்திரைக் கொட்டாவி இல்லை, தலைச்சுற்று. சத்தி வரப்போகுது என்பதற்கு இதுதான் அறிகுறி. குட்டிகளுக்கு இது இன்னும் கூட, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு முழுசாக வளராததால்.

விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். ஓகஸ்ட், வன்னி வெயில் ஏறமுதல் வவுனியாவைத் தாண்ட வேணும் என்பது திட்டம். முதல் நாள் இரவு கொஞ்சம் வெள்ளெனச் சாப்பாடு குடுத்தது, காலையில வெறும் தண்ணி மட்டும். பின் சீற்றில நானும் அம்மாவும், நடுவில ரோசி. அதுக்குக் கீழ அம்மம்மாவின் பழைய சீலை, தோய்க்காதது. தோய்க்காததுதான் முக்கியம், சவுக்கார மணம் ஆருக்கு வேணும். கழுத்தில ஒரு தகடு, அதில சித்தியின் போன் நம்பர். கோண்டாவில் வீட்டு நம்பரைப் போட்டு என்ன பிரயோசனம், அங்க போனை எடுக்க ஆள் இல்லை.

நாவற்குழிப் பாலத்துக்கு வந்தபோது இன்னும் இருட்டு. முன் சீற்றில இருந்த அம்மம்மா திரும்பவில்லை, கையை மட்டும் பின்னுக்கு நீட்டி ரோசியின் பட்டியைப் பிடிச்சுக்கொண்டா. கைதடி தாண்டித்தான் விட்டா. ஒருத்தரும் ஒண்டும் கேக்கவில்லை. சாரதி அண்ணைக்கு மட்டும் விளங்கவில்லை, "ஆச்சி, பயப்படாதேங்கோ, நாய் பேசாமத்தான் இருக்கு" என்றார்.

உண்மையில பேசாமல்தான் இருந்தது. ஆனையிறவில உப்புக் காத்து வந்தபோது மட்டும் மூக்கைத் தூக்கிச்சுது. கண்ணாடியை மூக்கு போகிற அளவுக்குத்தான் இறக்கினோம். தலையை வெளியில நீட்டி வாற நாயின் படம் பாக்க வடிவுதான், ஆனால் ஏ9-இல லொறிக்குப் பின்னால போனால் கண்ணுக்குள்ள வாறது மண்ணும் கல்லும்.

முறிகண்டியில நிற்காமல் போக எந்த யாழ்ப்பாணத்து வாகனத்துக்கும் துணிவு இல்லை. இறங்குகிற இடம்தான் பயணத்திலேயே ஆபத்தான இடம் என்று எனக்குப் பட்டது. ஓடுகிற நேரத்தில நாய் கட்டுப்பட்டு இருக்கும். கதவு திறந்த அந்த இரண்டு செக்கனில, தெரியாத இடத்தில, தெரியாத நாய்கள் குலைக்க, பாய்ஞ்சு வீதிக்கு ஓடினால் முடிஞ்சுது. அதால ஒரு ஒழுங்கு வைச்சோம்: இழுவைக் கயிற்றை முதல் பூட்டு, பிறகு சீற் பெல்ற்றைக் கழட்டு, கடைசியாகக் கதவைத் திற. அம்மம்மா தேங்காய் உடைக்க, நான் ரோசியைக் கச்சான் கடைகளுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப்போனேன். ஒன்றுக்கு இருந்தது, இரண்டு வாய் தண்ணி குடிச்சது, கோயிலடி நாய்களைப் பாத்து என்ர காலுக்குப் பின்னால ஒளிச்சது. வந்து பாத்தால் சாரதி அண்ணை ஒரு கச்சானை உரிச்சு உள்ளங்கையில வைச்சுக்கொண்டு நிற்கிறார். கையைத் தூரத்தில நீட்டி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, ஊசி போடக் குடுக்கிற ஆள் மாதிரி. ரோசி மெல்ல எடுத்தது. அவர் கையை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

தம்புள்ளைக்கு வர பத்தரை. வெயில் ஏறிட்டுது. சாப்பிட ஒரு கடையில நிறுத்தினோம். "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டால் காணும்தானே, நிழலிலதானே நிக்குது" என்றார் அண்ணை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், இதைத்தான் எல்லாரும் நினைக்கிறோம். அமெரிக்காவில ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை அளந்து 2005-இல வெளியிட்டிருக்கிறார்கள். பூட்டின காருக்குள்ள ஒரு மணித்தியாலத்தில வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறுது, அதில எண்பது வீதம் முதல் அரை மணித்தியாலத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டதால பெரிய வித்தியாசம் இல்லை. நிழலும் நம்பேலாது, நாங்கள் சாப்பிட்டு முடிய அது வேற பக்கம் போயிடும். வெளியில 32 என்றால் உள்ளுக்கு எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கோ. நாய்க்கு எங்களைப்போல மேலெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் சூட்டை வெளியேத்த வேணும். இழுக்கிற காத்தே சூடாக இருந்தால் இளைச்சும் பிரயோசனம் இல்லை. நாயின் வழமையான உடம்புச் சூடே 38-இல இருந்து 39 பாகை வரைக்கும், 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூக்குச் சப்பையான பக், புல்டோக் சாதிகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஆகவே முறை வைச்சுச் சாப்பிட்டோம். நானும் ரோசியும் வெளியில மரத்துக்குக் கீழ நிண்டோம், அம்மா சாப்பிட்டிட்டு வந்து கயிற்றை வாங்கினா. இதனால இருவத்தைந்து நிமிசம் கூடச் செலவானது, அவ்வளவுதான். ஒருவேளை ஒரு நாய் சூட்டில மாட்டுப்பட்டால், விடாமல் இளைச்சு, தடிச்ச வீணி வடிச்சு, முரசு சிவந்து, தள்ளாடும். நிழலுக்குக் கொண்டுவந்து உடனே தண்ணி ஊத்தி, விசிற வேணும். ஐஸ் தேடி ஓடத் தேவையில்லை, கிணத்துத் தண்ணியே காணும். ஊத்தினதுக்குப் பிறகுதான் வைத்தியரிட்ட ஓட வேணும், ஊத்தாமல் ஓடக் கூடாது.

மாத்தளை தாண்டி பலகடுவ வளைவுகளில மருந்து தோத்துப் போச்சுது. அண்ணை மெதுவாகத்தான் ஓட்டினார், ஆனால் வளைவு வளைவுதான். ரோசி சொண்டை நக்கத் தொடங்கினதும் நான் பெற்சீற்றைத் தூக்கிப் பிடிச்சேன், முக்கால்வாசி அதுக்குள்ள விழுந்தது. மிச்சக் கால்வாசி என்ர டெனிமில. அம்மா ஓரமா நிறுத்தச் சொன்னா. நான் ஷொப்பிங் பை தேட, அண்ணை டிக்கியைத் திறந்து, கீழ கிடந்த உரப்பையை எடுத்து ஒரு உதறு உதறினார், பெற்சீற்றை அதுக்குள்ள போடத்தான். ரோசி எழும்பி நிண்டிட்டுது. வால் காலுக்குள்ள. பெல்ற் இழுபட இழுபட மற்றப் பக்கத்துக் கதவோட ஒட்டிக்கொண்டு நடுங்கிச்சுது. அண்ணை அதைப் பாத்தார், பையைப் பாத்தார், என்னைப் பாத்தார். சந்தைக் கதையைச் சொன்னேன். அவர் ஒண்டும் கதைக்காமல் பையை மடிச்சு டிக்கிக்குள்ள வைச்சிட்டு, ஊத்தைப் பெற்சீற்றைத் தன்ர சாப்பாட்டுப் பை ஒண்டுக்குள்ள சுருட்டி வைச்சார். கழுவுற காசைக் கட்டுகஸ்தோட்டையில குடுத்தபோது பாதிதான் எடுத்தார்.

போய்ச் சேர்ந்ததோட வேலை முடியேல்லை. புது வீட்டில நாயைக் கயிறில்லாமல் விட்டால் அது பழைய வீட்டைத் தேடி வெளிக்கிடும். 320 கிலோமீற்றர் என்று அதுக்கு ஆர் சொல்லுறது? இரண்டு கிழமை கயிற்றோடதான் வெளியில போனது, ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே ஒழுங்கை. முதல் மூன்று நாள் சாப்பிடவில்லை, அம்மம்மாவின் கட்டிலுக்குக் கீழ சீலையில சுருண்டு கிடந்தது. நாலாம் நாள் சித்தியின் பாணைக் களவெடுத்தது. சித்திக்குக் கோபம், அம்மம்மாவுக்குச் சந்தோசம். பேராதனையில மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலை கிட்ட இருப்பது ஒரு பலம். ஊரில ரோசிக்கு இந்த வசதி இருக்கவில்லை, அம்மம்மாவின் முழங்காலுக்கும் இருக்கவில்லை.

போன கிழமை சாரதி அண்ணை போன் எடுத்தார். உரும்பிராயில ஒரு குடும்பம் வவுனியாவுக்கு மாறுதாம், இரண்டு நாயாம், மற்றச் சாரதிமார் ஏலாது எண்டிட்டினமாம். "அந்தப் பெல்ற் எங்க எடுத்தனீங்கள் தங்கச்சி? நானே ரெண்டு வாங்கி வைப்பம் எண்டு பாக்கிறன்." ஒண்டு அல்சேசனாம், மற்றது ரோசியின் அளவாம். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி நூலால அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.